கல்லாவில் உட்கார்ந்து கற்ற சொல்

செல்லூரிலிருந்து:

மதுரை விளக்குத்தூண் பக்கம் ஒரு ஜவுளிக்கடையில் 22 வருஷமாகக் கல்லாவில் இருக்கிறேன். தலைக்கு மேல் ‘கேஷ்’ என்று பலகை. ஒரு சித்திரைத் திருவிழா சமயம், பில் போட்டுவிட்டு நின்ற கல்லூரிப் பொண்ணு, “அண்ணே, இந்த கேஷ்ங்கிற சொல் நம்ம காசுங்கிற சொல்லுல இருந்து போனதுதானே?” என்று கேட்டது. “பின்ன? வெள்ளைக்காரன் இங்கிருந்து கொண்டுபோனதுதாம்மா” என்றேன். வரிசையில் நின்றவர்களுக்கும் சந்தோஷம். அதற்கப்புறம் எத்தனையோ பேரிடம் அதையே சொன்னேன்.

ஆங்கில இலக்கியம் படிக்கிற என் மகன்தான் அகராதியை விரித்துக் காட்டினான். “இல்லப்பா, அது பெட்டி.” லத்தீனில் காப்சா என்றால் பெட்டியாம். அது பிரெஞ்சு வழியாகப் பணப்பெட்டிக்குப் பெயராக ஆங்கிலத்துக்குப் போய், பிறகு பெட்டிக்குள் இருக்கிற பணத்துக்கே பெயராகிவிட்டது. நாள் முழுக்க நான் திறந்து மூடுகிற கல்லாப்பெட்டிதான் அந்தச் சொல்! முதலில் மனசு ஒப்பவே இல்லை.

அதற்கு அடுத்தாற்போல, அதே ஸ்பெல்லிங்கில் இன்னொரு கேஷ் இருந்தது. அதுதான் நம் காசு. போர்த்துகீசியர் வாய்வழியாகப் போய், சின்னச் செப்புக்காசுக்கு ஆங்கிலப் பெயரானது. சென்னையில் கும்பினி, அதாவது கிழக்கிந்தியக் கம்பெனி, கணக்குப்படி 80 காசு சேர்ந்தால் ‘பணம்’ என்ற ஒரு நாணயம், 42 பணம் ஒரு நட்சத்திர வராகன் என்ற பொன் நாணயம். அந்தப் பணமும் ‘ஃபனம்’ என்று அவர்கள் கணக்கில் ஏறியிருக்கிறது. 1818-க்குப் பிறகு ரூபாய்க் கணக்கு வந்துவிட்டது.

அந்தப் பொண்ணு மறுபடி கடைக்கு வந்தால், இரண்டையும் பிரித்துச் சொல்லிவிட வேண்டும். அரைகுறையாகச் சொல்லி அனுப்பியது இன்னும் உறுத்துகிறது.

சோழவந்தானிலிருந்து:

எங்களுக்கு வைகையில் உள்ள பேரணையிலிருந்து வருகிற பெரியாறு வாய்க்கால் பாசனம். தாத்தாவின் டிரங்குப்பெட்டியில் கிடந்த பழைய பாசனக் காகிதத்தில் ‘அனிகட்’ என்று ஆங்கிலத்தில் இருந்தது. அர்த்தம் தெரியாமல் இரண்டு மூன்று தடவை சத்தமாக வாசித்துப் பார்த்தேன். திண்ணையில் இருந்த தாத்தா, “அணைக்கட்டுன்னுதானடா போட்டிருக்கான், இதுல என்ன முழிக்கிற?” என்றார். அவருக்கு ஆங்கிலம் ஒரு எழுத்து தெரியாது.

அகராதியில் பார்த்தால் அவர் சொன்னதேதான். விடாமல் ‘கேட்டமரான்’ என்று வாசித்தேன். “கட்டுமரம்.” அடுத்து ‘செரூட்’ என்றேன். பதில் சொல்லாமல், விரலிடுக்கில் இருந்த சுருட்டைத் தூக்கிக் காட்டினார்.