சுவாமிமலைப் பட்டறையில் மூன்று மாதம்: எதைக் கற்றுக்கொண்டு வருவது?

கேள்வி (ஜார்ஜ்டவுன், விளக்குக் கடை)

அனைவருக்கும் வணக்கம். பினாங்கு லிட்டில் இந்தியாவில் எங்கள் தாத்தா தொடங்கிய விளக்குக் கடையை இப்போது அப்பாவும் நானும் நடத்துகிறோம். குத்துவிளக்குகளைப் பழுதுபார்த்து மெருகேற்றும் வேலை கடையின் பின்கட்டில் நடக்கிறது. வேலைக்குக் குறைவில்லை, பணம்தான் கையில் நிற்பதில்லை. சென்ற தைப்பூசத்துக்கு முன் ஓர் ஆலயத்தின் திருவாசியை, அதாவது சாமி சிலையைச் சூழ்ந்து நிற்கும் உலோக வளைவை, செப்பனிட ஒப்புக்கொண்டு, கண்மதிப்பாக விலை சொல்லி, நட்டப்பட்டோம்.

சுவாமிமலையில் வார்ப்புப் பட்டறை நடத்தும் ஒரு குடும்பத்தார், மூன்று மாதம் என்னைத் தங்கவைத்துத் தொழிலைக் காட்டுவதாகவும், பதிலுக்குத் தங்கள் மகன் எங்கள் கடையில் வெளிநாட்டு வியாபாரத்தைப் பழக வேண்டும் என்றும் சொல்கிறார்கள். மூன்று மாதத்தில் சிலை வடிக்கும் கை வராது என்பதை அறிவேன். தொழிலை நடத்தும் அறிவாவது வருமா?

மறுமொழி 1 (பட்டர்வொர்த்)

வரும், தங்கையே. நான் அங்கே ஒரு மாதம் இருந்தவன். முதல் நாளே தராசின் பக்கத்தில் உட்காருங்கள். தேன்மெழுகோடு குங்கிலியமும் கடலை எண்ணெயும் கலந்து செய்த மெழுகுச் சிலையை, காவிரி வண்டல் மண்ணைப் பூசுவதற்கு முன்பே எடைபோட்டுவிடுவார்கள். அந்த எடையைப் போல ஏறத்தாழ எட்டு முதல் பத்து மடங்கு உலோகம் வேண்டும் என்பதால், விலையின் முதல் வரி அங்கேயே எழுதப்பட்டுவிடுகிறது. பிறகு வறட்டி அடுக்கிச் சூடேற்றி, மெழுகு உருகி ஓடிய வெற்றிடத்தில் உலோகத்தை ஊற்றுகிறார்கள். அச்சை உடைத்தால்தான் சிலை வெளியே வரும். ஆகவே அடுத்த சிலைக்கு எல்லாமே மறுபடி முதலிலிருந்து.

ஆனால் நாட்களைத் தின்பது அதற்குப் பின் உளியால் செய்யும் நகாசு வேலைதான். நான் இருந்த பட்டறையில் பெரியவர் ஒருவர் மெழுகின் எடையைச் சுவரில் கரித்துண்டால் எழுதி, அதன் கீழே நகாசுக்கு ஆன ஒவ்வொரு நாளுக்கும் ஒரு கோடு இழுத்துவந்தார். அடுத்த முறை அதே உயரத்தில் சிலை கேட்டு வந்தவருக்கு அந்தக் கோடுகளை எண்ணிவிட்டுத்தான் விலை சொன்னார். புறப்படுவதற்கு முன் ஒரு மாதம் உங்கள் பின்கட்டிலும் இப்படிக் குறித்துவையுங்கள். இல்லாவிட்டால் அங்கே எதைக் கேட்பது என்றே தெரியாது.

மறுமொழி 2 (ஜார்ஜ்டவுன்)

தம்பி சொன்ன கணக்கை ஏற்கிறேன். ஆனால் அவர்களுடைய விலையை அப்படியே இங்கே கொண்டுவந்துவிடாதீர்கள், அம்மா. வீட்டோடு ஒட்டிய சொந்தப் பட்டறையில் வேலை செய்பவர் வாடகையைக் கணக்கில் சேர்க்கமாட்டார். 1966ஆம் ஆண்டின் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் 2000இல் நீங்கியதும் நம் ஊரின் கடைவீடுகளை எத்தனை கைவினைஞர்கள் காலி செய்தார்கள் என்பதை உங்கள் அப்பா கண்ணால் பார்த்திருப்பார். மாத வாடகையை வேலை நாட்களால் வகுத்து, அந்தத் தொகையை ஒவ்வொரு நாள் கூலியோடும் சேருங்கள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். இங்கே வரும் பையனைக் கல்லாவில் மட்டும் உட்கார வைக்காதீர்கள். ஆலய நிர்வாகத்தாரிடம் முன்பணம் கேட்பதையும், தாமதமானால் பதில் சொல்வதையும் அவன் உடனிருந்து பார்க்க வேண்டும். அவனும் கற்றுக்கொண்டு போனால்தான் இது பரிமாற்றம்.

மறுமொழி 3 (கோலாலம்பூர், சிலை தருவிப்பவர்)

இந்தியாவின் 1972ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டப்படி, நூறாண்டு கடந்த சிலைகளைத் தனியார் ஏற்றுமதி செய்ய முடியாது. புதிய வார்ப்பும் பழையதுபோல் தோன்றக்கூடும் என்பதால், அது தொன்மையானதன்று என்று தொல்லியல் துறையிடம் சான்று பெறுகிறார்கள். அந்த வேலைக்கு யார் போகிறார், எத்தனை நாள் ஆகிறது என்பதை ஒரு முறை உடன் சென்று பாருங்கள்.

ஜப்பானில் தகாவோகா நகரின் நோசாகு நிறுவனத்தைப் பற்றியும் படியுங்கள். 1916இல் தொடங்கிய அந்த வார்ப்பாலை, பௌத்த வழிபாட்டுப் பொருள்களிலிருந்து வெள்ளீயப் பாத்திரங்களுக்கும் விரிந்தது. 2017இல் திறந்த புதிய ஆலையில் வேலை நடப்பதைப் பார்வையாளர்கள் நேரில் காணலாம். உங்கள் பின்கட்டையும் திறந்துவைத்தால், விளக்கு வாங்க வருபவர் மெருகேற்றும் உழைப்பைப் பார்த்துவிட்டு விலை கேட்பார்.

கேட்டவரின் பதில்

அனைவருக்கும் நன்றி. நேற்றிரவு திருவாசிக் கணக்கை மறுபடி போட்டோம். மெருகேற்றிய பதினொரு நாட்களை நாங்கள் விலையில் சேர்க்கவே இல்லை. காலையில் அப்பா ஒரு நீள நோட்டு வாங்கிவந்து, பழுதுக்கு வந்த முதல் விளக்கின் எடையை அதில் எழுதியிருக்கிறார். ஒரு மாதம் எழுதிய பிறகே பயணச்சீட்டு எடுப்பேன்.