"லெட்டரைப் பார்க்கும் உரிமையை விட்டுக்கொடுக்காதீங்க" என்று கிளப்பிவிட்ட ஆலோசகருக்கு

டெட்ராய்ட்_மருதன்:
நேத்து ஒரு டெலிகிராம் குழுவுல வாய்ஸ் மெசேஜ் ஒண்ணு சுத்துது. அமெரிக்க ரெசிடென்ஸிக்கு, அதாவது அங்க டாக்டர்களுக்கான மேற்பயிற்சி இடத்துக்கு, வழிகாட்டுறேன்னு காசு வாங்குற ஆளோட குரல். "ஈராஸ்ல, அதான் ரெசிடென்ஸிக்கு விண்ணப்பிக்கிற ஆன்லைன் தளத்துல, ரெகமண்டேஷன் லெட்டருக்கு ஆள் பேரைச் சேர்க்கும்போது, அந்த லெட்டரைப் பார்க்கும் உரிமையை விட்டுக்கொடுக்கிறீங்களான்னு கேட்கும். விட்டுக்கொடுக்காதீங்க. நம்ம ஊர் ஹெச்.ஓ.டி. என்ன எழுதி வைப்பாருன்னு யாருக்குத் தெரியும்?" இதுதான் அவர் சொல்ற புத்திமதி. கேட்டதும் பத்திக்கிட்டு வந்தது.

நான் டெட்ராய்ட்ல இன்டர்னல் மெடிசின் ரெசிடென்ட். விண்ணப்பங்களை வடிகட்டுற இடத்துல பக்கத்துல உட்கார்ந்து பார்த்திருக்கேன். நீ வெய்வ் பண்ணியா, அதாவது பார்க்கும் உரிமையை விட்டுக்கொடுத்தியா இல்லையான்னு லெட்டரோடயே அவங்களுக்குத் தெரியும். பண்ணலைன்னா, "பையன் படிப்பான்னு தெரிஞ்சு எழுதின லெட்டர்"னு தள்ளி வச்சுடுவாங்க. ஒரு ரெசிடென்ஸி புரோகிராமுக்கு நாலு லெட்டருக்கு மேல அனுப்ப முடியாது. அதுல ஒண்ணைக் கெடுத்துக்கணுமா? 2022 ஜனவரியில இருந்து, அமெரிக்க டாக்டர் லைசென்ஸ் தேர்வோட முதல் கட்டமான ஸ்டெப் 1-க்கு மார்க் கிடையாது, பாஸ் ஃபெயில் மட்டும்தான். மார்க் போன இடத்துல லெட்டர் வந்து உட்கார்ந்திருக்கு. பேசாம விட்டுக்கொடுக்கிறேன்னு டிக் அடிங்க. டிக் அடிக்காதேன்னு சொல்றவன் உங்க வருஷத்தை வீணாக்குறான்.

பொன்னி_காவேரிக்கரை:
அண்ணா, எனக்கு ஒரே ஒரு கேள்வி. லெட்டர் கேட்டு எங்க மெடிசின் ஹெச்.ஓ.டி. ரூமுக்குப் போனேன். ஓ.பி. முடிஞ்ச நேரம். சார் கேஸ் ஷீட்ல இருந்து தலையைத் தூக்கவே இல்ல. "எழுதிட்டு வாம்மா, கையெழுத்து போடறேன்"னார். ராத்திரி ஹாஸ்டல்ல உட்கார்ந்து எழுதினேன். லெட்டர்பேட் பீரோவுக்குள்ள, பீரோ சாவி கிளார்க் அக்காகிட்ட, அக்கா டீ குடிக்கப் போயிட்டாங்க. காத்திருந்து வாங்கி பிரின்ட் எடுத்துக் கொண்டுபோனா, சார் ரெண்டாவது பாராவுல "எக்ஸலண்ட்"டை அடிச்சுட்டு "வெரி குட்"னு போட்டுக் கையெழுத்து வச்சார்.

இப்ப சொல்லுங்க. நானே எழுதின லெட்டரை நான் பார்க்க மாட்டேன்னு எப்படி டிக் அடிக்கிறது? அது பொய் இல்லையா?

டெட்ராய்ட்_மருதன்:
தங்கச்சி, நீ கேட்கிறது வேற, நான் சொல்றது வேற. டிக் அடி. முடிஞ்சுது.

பொன்னி_காவேரிக்கரை:
வேற இல்லண்ணா. அதே பெட்டி, அதே டிக். பொய்யா, இல்லையா?

சேலம்_செந்தூரன்:
ஆரம்பிச்சாச்சா? நாட்டை விட்டு ஓடுறதுக்கு லெட்டர் வாங்குறதுலயே இவ்ளோ தர்மசங்கடம். நாங்க மேல்படிப்புக்கான நீட் பி.ஜி. எழுதி, ரேங்க் வாங்கி, இங்கேயே சீட் எடுத்தோம். ஒருத்தன்கிட்டயும் போய் "நான் நல்லவன்னு எழுதிக் குடுங்க சார்"னு நிக்கல.

டெட்ராய்ட்_மருதன்:
வாங்க செந்தூரன். போன வருஷம் ஸ்டெப் 2 திரியிலயும் இதே பல்லவிதான். அங்க பதில் சொல்ல முடியாம ஓடினீங்க, ஞாபகம் இருக்கா? இது உங்க சப்ஜெக்ட் இல்ல. வெய்வ்னா என்னன்னு தெரியுமா உங்களுக்கு?

சேலம்_செந்தூரன்:
ஓடலை, டூட்டிக்குப் போனேன். வார்டுல ஆள் கிடந்தாங்க.

பழைய_வார்டு:
நான் அரசு மருத்துவக் கல்லூரியில் மெடிசின் பேராசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன். இங்கே பிள்ளைகள் ஹெச்.ஓ.டி.களைப் பற்றி எழுதுவதைப் படித்து மனம் கசந்துபோய் எழுதுகிறேன். பெரிய கல்லூரிகளில் ஒரு பேட்சில் 250 பேர். அதில் ஒருவர் ஹவுஸ் சர்ஜனாக எங்கள் யூனிட்டில் சில வாரம் இருந்திருப்பார். பிறகு ஒருநாள் வந்து, "சார், அமெரிக்காவுக்கு லெட்டர் வேண்டும், நாளைக்குள் வேண்டும்" என்பார். எனக்கு எழுதத் தெரியாமலா எழுதிவரச் சொல்கிறேன்? எந்த நோயாளியைப் பார்த்தாய், என்ன செய்தாய் என்பது உனக்குத்தானே நினைவிருக்கும்? எழுதி வந்ததை நான் வரி வரியாகப் படித்துத்தான் கையெழுத்துப் போட்டேன். என் கையெழுத்துக்கு ஒரு மரியாதை உண்டு.

பொன்னி_காவேரிக்கரை:
சார், மரியாதையோட கேட்கிறேன். நீங்க வரி வரியா படிச்சீங்க, சரி. அதை எழுதினது யாரு?

பழைய_வார்டு:
கையெழுத்து யாருடையதோ அவருடைய கடிதம்தான் அம்மா அது.

டெட்ராய்ட்_மருதன்:
சார், உங்க மேல மரியாதை உண்டு. ஆனா அந்த லெட்டரையெல்லாம் இங்க நான் பார்த்திருக்கேன். "ஒழுக்கமானவர், நேரம் தவறாதவர், பெரியோரை மதிப்பவர், எதிர்காலம் சிறக்க வாழ்த்துகிறேன்." டி.சி.யோட குடுக்கிற நன்னடத்தைச் சான்றிதழ் சார் அது. இங்க ஒரு அட்டெண்டிங், அதாவது பொறுப்புல இருக்கிற சீனியர் டாக்டர், எழுதினா எப்படி இருக்கும் தெரியுமா? "மூச்சுத்திணறலோட வந்த பேஷன்டுக்கு எல்லாரும் நிமோனியான்னு போனப்ப, கால் வீக்கத்தைக் கவனிச்சு நுரையீரல்ல ரத்தக்கட்டி அடைச்சிருக்கலாம்னு முதல்ல சொன்னது இவங்கதான். நான் பார்த்த மாணவர்கள்ல இவங்க இந்த இடத்துல இருக்காங்க. எங்க புரோகிராமுக்கே எடுத்துக்குவேன்." இதுல பேஷன்ட் இருக்கு, ஒப்பீடு இருக்கு, எழுதினவரோட பொறுப்பு இருக்கு.

அதனாலதான் எமர்ஜென்சி மெடிசின்காரங்க 1990-களிலேயே வெறும் லெட்டரை நம்பாம படிவம் கொண்டுவந்தாங்க. இன்னிக்கு எஸ்.எல்.ஓ.இ.ன்னு சொல்றது அதைத்தான். மத்த மாணவர்களோட ஒப்பிட்டா இவர் எங்க நிக்கிறாருன்னு கட்டம் போட்டுக் கேட்கும். அதுல போய் "எதிர்காலம் சிறக்க"ன்னு எழுத முடியுமா?

இதையெல்லாம் தெரிஞ்சுக்காம அந்த ஆலோசகர் டிக் அடிக்காதேங்கிறார். டிக் அடிங்க.

பொன்னி_காவேரிக்கரை:
எஸ்.எல்.ஓ.இ. பத்தி நான் கேட்கவே இல்ல. நான் எழுதின லெட்டரை நான் பார்க்க மாட்டேன்னு டிக் அடிக்கிறது பொய்யா இல்லையா?

ராத்திரி_ரவுண்ட்ஸ்:
ரெண்டு பேரும் வேற வேற விஷயத்தைப் பிடிச்சுக்கிட்டு நிக்கிறீங்க. 1974-ல அமெரிக்காவுல ஒரு சட்டம் வந்தது, மாணவர் தன் கல்விக் கோப்பைப் பார்க்க உரிமை உண்டுன்னு. அந்த உரிமையைக் கேட்க மாட்டேன்னு எழுதிக் குடுக்கிறதுதான் வெய்வ். ஈராஸ்ல ஏத்தின லெட்டரைக் காட்டச் சொல்லிக் கேட்க மாட்டேன்னுதான் அர்த்தம். என் வாழ்நாள்ல அதைப் பார்த்ததே இல்லைங்கிற சத்தியம் இல்ல. லெட்டரை யார் எழுதணுங்கிறது தனிக் கேள்வி. ரெண்டையும் பிரிச்சுப் பேசுங்க.

டெட்ராய்ட்_மருதன்:
சட்டம் பேச வந்துட்டாங்க. பொன்னி, கையில இருக்கிற வேலையைப் பாரு. யார்கிட்ட லெட்டர் வாங்கறியோ அவர் பேரை ஈராஸ்ல சேர்த்தா, ஒவ்வொரு லெட்டருக்கும் தனி ஐ.டி. வரும். இன்டர்னல் மெடிசினுக்கு ஒண்ணு, ஃபேமிலி மெடிசினுக்கு ஒண்ணுன்னு அவரே ரெண்டு லெட்டர் எழுதினா ரெண்டு ஐ.டி. அந்தக் கோரிக்கைப் படிவத்தை அவருக்கு அனுப்பணும். அவரோ, அவர் நியமிக்கிற ஆளோ ஏத்தணும். நீ ஏத்தக் கூடாது. பேரை உறுதி பண்ணிட்டா வெய்வ் முடிவை மாத்த முடியாது. செப்டம்பர் கடைசியில புரோகிராம்கள் விண்ணப்பத்தைத் திறக்கும். அன்னிக்கு லெட்டர் உள்ள இருக்கணும். இதைத்தான் யோசிக்கணும், பொய்யா மெய்யான்னு தத்துவம் பேசற நேரமா இது?

சேலம்_செந்தூரன்:
"நீ ஏத்தக் கூடாது"வா? சார் மெயில் பாஸ்வேர்டு அந்த டிபார்ட்மென்ட்ல எல்லா பி.ஜி.க்கும் தெரியும். ராத்திரி பத்து மணிக்கு ஜூனியர் போன் பண்ணி "அண்ணே, லிங்க் வந்திருக்கு, கொஞ்சம் ஏத்திவிடுங்க"ன்னு கெஞ்சும். நாங்கதான் ஏத்துவோம். இங்க கிடந்து நாங்க ஏத்தணும், அங்க போய் இறங்கினதும் எங்களுக்கே பாடம் எடுப்பீங்க.

டெட்ராய்ட்_மருதன்:
பப்ளிக்கா ஒத்துக்கிறீங்களே, பெருமையா இருக்கா? சார் தெரிஞ்சு நியமிச்சா அது ஒண்ணு. சாருக்கே தெரியாம அவர் மெயில்ல நுழைஞ்சு ஏத்தினா அது மோசடி. வெளிநாட்டு மருத்துவப் பட்டதாரிகளுக்குச் சான்று தர்ற இ.சி.எஃப்.எம்.ஜி. முறைகேடுன்னு தீர்மானிச்சா, அந்தக் குறிப்பு அந்தப் பொண்ணோட ரெக்கார்டுல நிக்கும். உங்க ரெக்கார்டுல இல்ல.

பழைய_வார்டு:
என் மின்னஞ்சலை நான்தான் பார்ப்பேன். யாருக்கும் பாஸ்வேர்டு கொடுத்ததில்லை. எல்லோரையும் ஒரே தராசில் நிறுத்த வேண்டாம்.

சேலம்_செந்தூரன்:
உங்களைச் சொல்லல சார்.

பழைய_வார்டு:
"அந்த டிபார்ட்மென்ட்" என்றால் யாரைச் சொன்னீர்கள்?

பொன்னி_காவேரிக்கரை:
மருதன் அண்ணா, ஒண்ணு கேட்கவா? உங்க நாலு லெட்டர்ல நம்ம ஊர் லெட்டர் எத்தனை? அதை எழுதினது யாரு?

டெட்ராய்ட்_மருதன்:
என்னோட முக்கியமான லெட்டர்கள் இங்க வாங்கினது. கிளினிக்ல ரொட்டேஷன் பண்ணி, அட்டெண்டிங் பக்கத்துல நின்னு, பேஷன்ட் ஹிஸ்டரி எடுத்து வாங்கினேன். அவர் எழுதினதை இன்னிவரைக்கும் நான் பார்த்தது கிடையாது. பார்க்கவும் ஆசை இல்ல. ஊர் லெட்டரும் ஒண்ணு இருந்தது.

பொன்னி_காவேரிக்கரை:
கிளினிக் ரொட்டேஷன்னா மாசத்துக்கு இவ்வளவுன்னு டாலர் கட்டிப் போறதுதானே? லெட்டரும் சேர்த்துன்னு விளம்பரமே பண்றாங்களே. எங்கப்பா கூட்டுறவு வங்கியில வேலை பார்க்கிறார். விசா, டிக்கெட், தங்குற செலவு, அதுக்கு மேல ரொட்டேஷனுக்குக் காசு. என்னால முடியல, அதனாலதான் ஹெச்.ஓ.டி. லெட்டரை நம்பி நிக்கிறேன். காசு குடுத்து வாங்கின லெட்டர் சுத்தம், நான் எழுதின லெட்டர் அசுத்தமா? அப்புறம், அந்த ஊர் லெட்டரை எழுதினது யாருன்னு நீங்க சொல்லவே இல்ல.

டெட்ராய்ட்_மருதன்:
காசு குடுத்து லெட்டர் வாங்கினேன்னு சொல்ற தைரியம் எங்கிருந்து வந்துச்சு உனக்கு? பனியில பஸ்ஸுக்கு நின்னு, காலையில ஆறு மணிக்குப் போய் நின்னு சம்பாதிச்ச லெட்டர் அது. இடத்துக்குத்தான் காசு. லெட்டருக்கு இல்ல. நிறைய புரோகிராம்கள் அவங்க தளத்துலயே அமெரிக்க அனுபவமும் அமெரிக்க லெட்டரும் வேணும்னு எழுதி வச்சிருக்கு. நான் வகுத்த விதியா அது? 2024 மேட்ச்ல, அதாவது ரெசிடென்ஸி இட ஒதுக்கீட்டுல, அமெரிக்கக் குடியுரிமை இல்லாத வெளிநாட்டுப் பட்டதாரிகள்ல இடம் கிடைச்சவங்க 58.5 சதவீதம். மிச்சப் பேர் வீட்டுல உட்கார்ந்தாங்க. அந்த மிச்சத்துல நீ சேரக் கூடாதுன்னுதான் தொண்டை கிழியக் கத்துறேன்.

சேலம்_செந்தூரன்:
இடத்துக்குக் காசு, லெட்டருக்கு இல்ல. இதையே இங்க தனியார் காலேஜ்காரன் சொன்னா கேபிடேஷன், அதான் சீட்டுக்கு நன்கொடை வசூல்னு கொடி பிடிப்பீங்க.

டெட்ராய்ட்_மருதன்:
நீங்க எந்தக் காலேஜ்னு எல்லாருக்கும் தெரியும். கொடியைப் பத்தி நீங்க பேசாதீங்க.

சேலம்_செந்தூரன்:
மெரிட் சீட் தம்பி. கவர்மென்ட் கோட்டா. வேணும்னா அலாட்மென்ட் ஆர்டரைப் போடட்டுமா?

ராத்திரி_ரவுண்ட்ஸ்:
யாராவது நான் எழுதினதைப் படிச்சீங்களா? பொன்னி, ஒரு யோசனை. சார்கிட்ட முழு லெட்டரா குடுக்காம, நீங்க பார்த்த மூணு பேஷன்ட், செஞ்ச வேலை, சி.வி., பர்சனல் ஸ்டேட்மென்ட் இதை மட்டும் ஒரு பக்கத்துல குறிப்பா குடுங்க. சார் அதை வச்சு அவர் நடையில எழுதட்டும். அப்ப இந்தக் கேள்வியே வராது.

பொன்னி_காவேரிக்கரை:
குடுத்துப் பார்த்தாச்சு. "லெட்டரா கொண்டு வாம்மான்னா என்னம்மா லிஸ்ட் கொண்டு வந்திருக்கே"ன்னு திருப்பிக் குடுத்துட்டார்.

பழைய_வார்டு:
அந்தக் குறிப்போடு என்னிடம் வந்திருந்தால் நானே உட்கார்ந்து எழுதியிருப்பேன். இப்போது பணியில் இருப்பவர்களுக்கு அந்தப் பொறுமை இல்லை.

சேலம்_செந்தூரன்:
முதல்ல "நீயே எழுதிட்டு வா"ன்னு சொன்னதை நியாயப்படுத்தினதும் நீங்கதானே சார்? மேல இருக்கு, போய்ப் படிங்க.

பழைய_வார்டு:
நான் சொன்னதை முழுதாகப் படிக்காமல் பேச வேண்டாம். உங்கள் வயதுக்கு முன்பே நான் பேராசிரியர்.

டெட்ராய்ட்_மருதன்:
சாரை விடுங்க. திரி எதுக்கு ஆரம்பிச்சேனோ அதுக்கு வரேன். அந்த ஆலோசகர் இன்னிக்குக் காலையில இன்னொரு வாய்ஸ் போட்டிருக்கார். "டெட்ராய்ட்ல இருந்து சிலர் பொறாமையில பேசறாங்க"ன்னு. எனக்கு எதுக்குப் பொறாமை? நான் உள்ள வந்தாச்சு. மறுபடியும் சொல்றேன், எல்லா லெட்டருக்கும், ஊர் லெட்டரோ அமெரிக்க லெட்டரோ, வெய்வ் பண்ணுங்க. யார் எழுதினாலும் பண்ணுங்க.

பொன்னி_காவேரிக்கரை:
"யார் எழுதினாலும்"னு இப்ப சேர்த்துட்டீங்க. முதல் பதிவுல அது இல்ல.

டெட்ராய்ட்_மருதன்:
இருந்தது. அர்த்தம் அதுதான்.

பொன்னி_காவேரிக்கரை:
இல்ல. உங்க ஊர் லெட்டரை எழுதினது யாருன்னு கேட்டேனே, அதுக்கும் பதில் இல்ல.

டெட்ராய்ட்_மருதன்:
உனக்கு ஈராஸ்ல நுழையுற டோக்கன் வந்தாச்சா, பேரைச் சேர்த்தாச்சா, வெய்வ் பண்ணியாச்சா? அதைச் சொல்லு முதல்ல. என்னை விசாரிக்கிறதை அப்புறம் வச்சுக்கலாம்.

சேலம்_செந்தூரன்:
அலாட்மென்ட் ஆர்டர் ஸ்கேன் பண்ணிட்டேன். போடவா வேண்டாமா?