பதினாறு வயதுக்கு எழுதிய கடிதம் பாதியில் நிற்கிறது: உதவுங்கள்

வணக்கம். மதுரையில் பதினொன்றாம் வகுப்பு படிக்கும் என் மகன், காலாண்டுத் தேர்வில் இயற்பியலில் 70-க்கு 11 வாங்கியதை மறைத்து, ரேங்க் கார்டில் என் கையெழுத்தைத் தானே போட்டுக் கொடுத்திருக்கிறான். கடைசி எழுத்தில் நான் இழுக்கும் சுழிகூட அப்படியே இருந்தது.

கோபப்பட எனக்குத் தகுதியில்லை. 1995-இல், இதே பதினாறு வயதில், என் அப்பாவின் கையெழுத்தை நானும் இப்படித்தான் போட்டேன். பொறியியலுக்கு நுழைவுத்தேர்வு இருந்த காலம் அது. கணக்கு புரியவில்லை, டியூஷன் வேண்டும் என்று வாய்திறந்து கேட்டிருந்தால் அப்பா நிச்சயம் சேர்த்துவிட்டிருப்பார். பயந்து மறைத்ததில் அந்தத் தேர்வை எழுதவே நான் போகவில்லை.

இரண்டு மாதங்களாக முயன்றுவிட்டேன். என் கதையைச் சொன்னதற்கு, "உங்க காலம் வேறம்மா" என்றான். தாய்மாமன் பேசியதற்குத் தலையாட்டினான், அவ்வளவுதான். பிறகு, பதினாறு வயது எனக்கு நானே எழுதுவதுபோல் நான்கு பக்கக் கடிதம் எழுதி அவனுடைய இயற்பியல் புத்தகத்தில் வைத்தேன். இரண்டாம் பக்கத்தோடு மடித்து வைத்துவிட்டான். மறுபடி படித்துப் பார்த்தபோது எனக்கே அது தலைமையாசிரியர் உரைபோல் இருந்தது. சாப்பாடு, தூக்கம், கிரிக்கெட் எதிலும் குறையில்லை. மதிப்பெண் என்று பேச்செடுத்தால் மட்டும் எழுந்து போய்விடுகிறான்.

அரையாண்டுத் தேர்வுக்குள் கடிதத்தை ஒரே பக்கமாகத் திருத்தி எழுத வேண்டும். உங்கள் பதினாறாவது வயதில், தோல்வியை வீட்டில் மறைக்காமல் சொல்லும் துணிவை எந்த ஒரு வாக்கியம் உங்களுக்குத் தந்திருக்கும்?