வரைகலை வடிவமைப்பு இளநிலைப் படிப்பு: முதன்முதலாகச் சுவரில் மாட்டிய வேலைக்கு என்ன ஆயிற்று?

இழையைத் தொடங்கியவர்

வரைகலை வடிவமைப்பில் இளநிலைப் பட்டம் படிக்கலாமா என்று கேட்பவர்களுக்கு மென்பொருள்களின் பட்டியலையும் வேலைவாய்ப்பையும் சொல்லி அனுப்பிவிடுகிறோம். மூன்று நான்கு ஆண்டுகள் அந்த வகுப்பறைக்குள் என்னதான் நடக்கிறது என்பதை யாரும் விரிவாக எழுதிக் காணோம். ஆகவே ஒரே ஒரு கேள்வியை முன்வைக்கிறேன். உங்கள் வேலையை முதன்முதலாகச் சுவரில் மாட்டி, ஆசிரியரும் சக மாணவர்களும் சுற்றி நின்று பேசிய அந்த விமர்சன அமர்வில் என்ன நடந்தது? என்னுடையதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

பள்ளி நாள்களில் ஓவியத்துக்குப் பரிசு வாங்கியவன் நான். ஃபோட்டோஷாப்பும் இல்லஸ்ட்ரேட்டரும் ஓரளவு கைவந்திருந்ததால், முதல் ஆண்டு எளிதாகக் கழிந்துவிடும் என்று நம்பினேன். முதல் பருவம் முழுவதும் கணினியைத் தொடவே விடவில்லை. கறுப்புத் தாளில் வெட்டிய ஒரே அளவுள்ள நான்கு சதுரங்கள், ஒரு வெள்ளைத் தாள், கொஞ்சம் பசை. இவற்றை மட்டும் வைத்துக்கொண்டு நெரிசல், தயக்கம், துணிச்சல் போன்ற சொற்களைக் காட்ட வேண்டும், ஒவ்வொரு சொல்லுக்கும் இருபது முயற்சிகள் செய்து அவற்றுள் ஒன்றைத் தேர்ந்து மாட்ட வேண்டும் என்றார்கள். தயக்கம் என்ற சொல்லுக்கு நான் சதுரங்களை அடுக்கி, தலை குனிந்து நிற்கும் மனிதனைப் போன்ற ஓர் உருவத்தைச் செய்திருந்தேன். இருபதையும் செய்யவில்லை, ஆறாவதிலேயே திருப்தி வந்துவிட்டது.

ஆசிரியர் என்னிடம் எதுவும் கேட்கவில்லை. பக்கத்தில் நின்ற மாணவியிடம், “இது என்ன சொல்கிறது?” என்றார். “நாற்காலி” என்றாள் அவள். நான் விளக்கம் சொல்ல வாயெடுத்தேன். “நீங்கள் பேச வேண்டாம். அச்சாகி வெளியே போன பிறகு, பார்க்கிற ஒவ்வொருவர் பக்கத்திலும் நின்று நீங்கள் விளக்கிக்கொண்டிருக்கப் போவதில்லை” என்றார். அடுத்து மாட்டியிருந்த தாளில் மூன்று சதுரங்கள் நடுவில் ஒன்றையொன்று ஒட்டி நின்றன. நான்காவது, தாளின் இடது விளிம்பில், ஒரு முனை மட்டும் உள்ளே தெரியும்படி வெட்டப்பட்டிருந்தது. உள்ளே வரலாமா வேண்டாமா என்று வாசலில் நிற்பவரை அதைவிடச் சுருக்கமாக யாராலும் வரைந்துவிட முடியாது. அதைச் செய்தவருக்கு ஓவியமே வராது என்பதையும் இங்கே பதிவு செய்ய வேண்டும்.

1919-இல் வால்டர் குரோப்பியஸ் ஜெர்மனியின் வைமார் நகரில் தொடங்கிய பௌஹவுஸ் என்ற கலை, வடிவமைப்புப் பள்ளியில், யோஹன்னஸ் இட்டன் நடத்திய தொடக்கப் பயிற்சியின் வழிவந்த முறை இது என்பது, அடுத்த பருவத்தில் வடிவமைப்பு வரலாறு படித்தபோதுதான் தெரிந்தது. அந்தப் பள்ளி 14 ஆண்டுகளே நடந்து 1933-இல் மூடப்பட்டது. அதன் தொடக்கப் பயிற்சி மட்டும் இன்றுவரை ஓயவில்லை. வண்ணமும் உருவமும் கையிலிருந்து பறிக்கப்பட்டால்தான் இடைவெளி, எடை, விளிம்பு ஆகியவற்றின் பக்கம் கண் திரும்புகிறது என்பது என் கருத்து. அப்போது எனக்கு அது வெறும் அவமானமாகத்தான் இருந்தது.

மூன்றாம் ஆண்டு மாணவி

என்னுடைய அமர்வு எழுத்துகளைப் பற்றியது. இரண்டாம் ஆண்டில், ஆங்கிலமும் தமிழும் சம எடையோடு நிற்கும்படி ஓர் இருமொழிச் சுவரொட்டி செய்யச் சொன்னார்கள். (எங்கள் வகுப்பில் விமர்சன அமர்வையும் ‘கிரிட்’ என்போம், பக்கத்தைப் பகுக்கும் கட்டமைப்பையும் ‘கிரிட்’ என்போம். “நாளைக்கு கிரிட் இருக்கிறதா?” என்ற கேள்விக்கு எத்தனையோ முறை தவறான பதில் கிடைத்திருக்கிறது.) ஆங்கிலப் பத்தியை 10 புள்ளி (அச்செழுத்தை அளக்கும் அலகு) எழுத்தளவிலும் 12 புள்ளி வரி இடைவெளியிலும் அமைத்துவிட்டு, அதே அளவுகளைத் தமிழுக்கும் எடுத்துப் போட்டேன். திரையில் பெரிதாக்கிப் பார்த்தபோது குறையொன்றும் தெரியவில்லை.

அச்செடுத்து மாட்டியதும், ஆசிரியர் பென்சில் முனையால் ஓரிடத்தைத் தொட்டுக் காட்டினார். மேல்வரியில் இருந்த ‘பூ’வின் கால், கீழ்வரியில் இருந்த ‘தீ’யின் சுழியை இடித்துக்கொண்டு நின்றது. அதற்குப் பக்கத்தில் ஒரு மெய்யெழுத்தின் புள்ளி, மேல்வரியின் ‘சு’வோடு ஒட்டிப் போயிருந்தது. அவர் அத்தோடு நிறுத்தவில்லை, தலைப்பைக் காட்டி, “இந்தக் கொக்கி போன்ற உருவம் மற்ற இடங்களிலெல்லாம் எழுத்துக்கு இடப்புறத்தில் இருக்கிறது, இங்கே மட்டும் ஏன் வலப்புறம் வந்தது?” என்று கேட்டார். ‘வெயில்’ என்ற சொல்லில் கொம்பு வகரத்துக்குப் பின்னால் போய் நின்றிருந்தது. தலைப்பைத் தனிச் சட்டகத்தில் ஒட்டியபோது, பக்கம் அமைக்கும் மென்பொருளான இன்டிசைனின் பத்தி அமைப்பை இந்திய மொழிகளுக்கு ஏற்றதாக மாற்ற மறந்திருக்கிறேன். அந்த ஆசிரியருக்குத் தமிழ் படிக்கத் தெரியாது என்பதுதான் இதில் வேடிக்கை. தாய்மொழி என்பதால் நான் அந்தச் சொல்லைப் படித்துவிட்டேன்; அவருக்குப் படிக்க வழியில்லாததால் பார்த்தார்.

திருத்தும்போதுதான் மற்ற சிக்கல்கள் வெளியே வந்தன. தமிழின் உயிர்க்குறிகள் மேலும் கீழும் பரவுவதால் வரி இடைவெளி கூடுதலாக வேண்டும். 9 புள்ளிக்கு 15 புள்ளி இடைவெளி வைத்த பிறகுதான் இரு பத்திகளும் தொலைவிலிருந்து ஒரே அடர்த்தியுள்ள சாம்பல் நிறமாகத் தெரிந்தன. நம் சொற்கள் நீளமானவை என்பதால், குறுகிய பத்தியில் இருபுறமும் சமன்செய்தால் ஒரு வரியில் இரண்டே சொற்கள் நின்று நடுவில் பெரும்பள்ளம் விழுகிறது. வலப்புறத்தைச் சமன்செய்யாமல் விட்டேன். விளிம்பு ஒழுங்கற்றுப் போனாலும் படிப்பதற்குச் சுகமாக இருந்தது. ஆங்கில எழுத்துகளை வைத்து எழுதப்பட்ட பாடநூல் அளவுகள் எதையும் அதன் பிறகு நான் சோதிக்காமல் எடுத்துக்கொள்வதில்லை.

இரண்டாம் ஆண்டில் விலகியவர்

எல்லா அமர்வுகளும் இவ்வளவு நயமாக நடப்பதில்லை என்பதையும் யாராவது சொல்ல வேண்டும். என் வேலையைச் சுவரிலிருந்து எடுத்து, இரண்டாக மடித்து மேசையில் வைத்துவிட்டு, ஒரு சொல்லும் சொல்லாமல் அடுத்த வேலைக்குப் போனார் ஒருவர். ஐந்து நாள்கள் தூங்காமல் செய்த வேலை அது. அதனால் மட்டுமே நான் படிப்பை விட்டேன் என்று சொல்வது நேர்மையாகாது. எனக்குப் பிடித்தது வரைவது. பிறருடைய செய்தியை ஒழுங்குபடுத்திக் கொடுப்பதில் எனக்கு ஆர்வம் இருக்கவில்லை. இரண்டும் ஒன்றென்று நினைத்துச் சேர்ந்துவிட்டேன். இப்போது குழந்தைகள் நூல்களுக்குப் படம் வரைகிறேன், நிம்மதியாக இருக்கிறேன். ஆயினும், அந்த மடிப்பு எனக்கு எதையும் கற்றுக்கொடுக்கவில்லை.

படித்து முடித்து ஆறு ஆண்டுகள் ஆனவர்

மேலே எழுதியவரோடு முழுமையாக உடன்படுகிறேன். காரணம் சொல்லாமல் நிராகரிப்பதை விமர்சனம் என்று அழைக்கக் கூடாது. எங்கள் துறையில் அதைக் கண்டிப்பு என்று பெருமையாகப் பேசிக்கொள்ளும் வழக்கம் உண்டு. அது சோம்பல் என்பது என் முடிவு.

என்னைத் திருத்தியவர் அச்சகத்தில் பிளேட் (அச்சுத் தகடு) எடுப்பவர். இறுதியாண்டு ஆய்வுக்காக நடுவில் பின் அடித்த புத்தகம் ஒன்றை 50 பக்கங்களில் அமைத்துக் கொண்டுபோனேன். அவர் ஒரு தாளை எடுத்து மடித்து என் முன்னால் வைத்து, “எத்தனை பக்கம்?” என்றார். நான்கு. அப்படியானால் 48 அல்லது 52 தான், 50 என்று ஒரு புத்தகம் இல்லை. இரண்டு ஆண்டுகள் பக்கங்களை வடிவமைத்த எனக்கு, பக்கம் என்பது மடித்த தாளின் ஒரு முகம் என்பது அந்த மேசையில்தான் உறைத்தது. அடுத்து, விளிம்புவரை ஓடிய படங்களுக்கு வெட்டுக்கு வெளியே 3 மில்லிமீட்டர் கூடுதலாக விடவில்லை. கட்டிங் அரை மில்லிமீட்டர் விலகினாலும் ஓரத்தில் வெள்ளைக் கீற்று தெரியும் என்று திருப்பி அனுப்பினார்.

அதையெல்லாம் திருத்தினேன். அவர் எச்சரித்தும் நான் கேட்காதது இரண்டு. அட்டைக்கு நான் வைத்திருந்த நீலம், திரை ஒளியில் மட்டுமே பிறக்கும் நீலம்; அச்சில் பயன்படும் சயான் (பச்சை கலந்த நீலம்), மஜெந்தா (ஊதா கலந்த சிவப்பு) மைகளைக் கலந்து அதை எட்டவே முடியாது. ஊதா கலந்து மங்கித்தான் வரும் என்றார், அப்படியே வந்தது. இரண்டாவது, சயான், மஜெந்தா, மஞ்சள், கறுப்பு என்ற நான்கு மைகளையும் சேர்த்த அடர்கறுப்புப் பின்னணியில் 6 புள்ளி அளவில் மெல்லிய வெள்ளை எழுத்து. அச்சான தாளின் மேல் லென்ஸை வைத்து என்னைக் குனிந்து பார்க்கச் சொன்னார். நான்கு நிறப் புள்ளிகளும் துல்லியமாக ஒன்றன்மேல் ஒன்று விழாமல் இம்மியளவு விலகியிருந்ததால், வெள்ளை எழுத்தின் உள்ளே இளஞ்சிவப்பும் நீலமும் கசிந்து, ‘ற’வின் மெல்லிய கோடுகள் மூடிக்கொண்டிருந்தன. கறுப்பு மை ஒன்றை மட்டும் பயன்படுத்தி, எழுத்தைச் சற்றுத் தடிப்பாக்கியிருந்தால் போதும். தேர்வாளர்கள் அட்டையைப் பார்த்து, “ஊதாவைத் தேர்ந்ததற்குக் காரணம் என்ன?” என்று கேட்டபோது, நான் நீலத்தைத்தான் தேர்ந்தேன் என்று சொல்ல நா எழவில்லை.

இறுதியாண்டு மாணவர்

தகவல் வடிவமைப்பு வகுப்பில் முதல் வாரமே இரண்டு வரைபடங்களை அருகருகே மாட்டினார்கள். ஒன்று 1933-இல் வெளிவந்த லண்டன் சுரங்க ரயில் வரைபடம். அதை உருவாக்கிய ஹாரி பெக் மின்சுற்று வரைபடங்கள் வரைந்து பழகியவர். ரயிலுக்குள் இருப்பவருக்கு மேலே எந்தத் தெரு ஓடுகிறது என்பது தேவையில்லை என்று கண்டு, உண்மைத் தொலைவுகளைக் கைவிட்டு, பாதைகளைக் கிடையாகவும் செங்குத்தாகவும் 45 பாகைச் சாய்விலும் மட்டும் இழுத்தார். மற்றது மாசிமோ விக்னெல்லியின் பெயரோடு அறியப்படும் 1972-ஆம் ஆண்டின் நியூயார்க் சுரங்க ரயில் வரைபடம். அதுவும் ஏறக்குறைய அதே முறைதான், பார்க்கவும் பேரழகு. ஆனால் நகரின் பெரிய பூங்காவான, நீண்ட செவ்வகமான சென்ட்ரல் பார்க்கை அது சாம்பல் நிறச் சதுரமாகக் காட்டியது. தங்கள் நகரத்தை மேலே நடந்து அறிந்திருந்த மக்கள் அதை ஏற்கவில்லை, 1979-இல் வேறு வரைபடம் வந்துவிட்டது. ஒரே கொள்கை ஓரிடத்தில் நிலைத்ததும் இன்னோரிடத்தில் தோற்றதும் ஏன் என்று அன்று மூன்று மணி நேரம் வாதிட்டோம். விக்னெல்லியின் பக்கம்தான் நான் பேசினேன். என் சொந்த வேலை சுவரேறும் வரை அந்த நிலையில் உறுதியாகவும் இருந்தேன்.

என் வேலை மருந்து உறைக்கான வடிவமைப்பு. காலை மாத்திரைக்குப் பச்சை வட்டம், இரவு மாத்திரைக்குச் சிவப்பு வட்டம் வைத்து, எழுத்தே தேவையில்லை என்னும்படி எளிமையாக்கியிருந்தேன். அமர்வில் எல்லோரும் பாராட்டினார்கள், ஒரு நண்பனைத் தவிர. அவன் வெகுநேரம் உற்றுப் பார்த்துவிட்டு, “இரண்டும் ஒன்றுபோல இருக்கின்றனவே, எது காலை?” என்றான். சிவப்பையும் பச்சையையும் பிரித்தறிய அவனால் இயலாது என்பது மூன்று ஆண்டுகள் பக்கத்தில் அமர்ந்திருந்த எனக்கே தெரியாது. விளையாட்டாகச் சொல்கிறான் என்று முதலில் சிரித்துவிட்டேன், அதற்காக இன்றும் வெட்கப்படுகிறேன்.

அடுத்த வடிவத்தில் காலைக்கு வெற்று வட்டமும் இரவுக்கு நிரப்பிய பிறையும் வைத்து, சொல்லையும் பக்கத்திலேயே எழுதினேன். வண்ணம் துணைக்கு மட்டும் நின்றது. இணைய அணுகல்தன்மை வழிகாட்டுதல்கள் சாதாரண அளவு எழுத்துக்கும் பின்னணிக்கும் இடையே குறைந்தது 4.5-க்கு 1 என்ற ஒளிர்வு வேறுபாட்டைக் கேட்கின்றன. அவை திரைக்காக எழுதப்பட்டவை என்றாலும், நான் அச்சு வேலைகளையும் அந்தக் கணக்கில் ஒருமுறை சோதித்துவிடுகிறேன். அதைவிட எனக்குப் பயன்பட்டது, உறையை மங்கலான விளக்கொளியில் கண்ணாடி அணியாத முதியவர் ஒருவரிடம் கொடுத்துவிட்டு, வாயை மூடிக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்திருந்ததுதான்.

இழையைத் தொடங்கியவர்

இத்தனை பேர் எழுதியதற்கு நன்றி. படங்களை நொடியில் உருவாக்கித் தரும் செயலிகள் வந்துவிட்ட பிறகும் இந்தப் படிப்பு தேவையா என்று சிலர் எனக்குத் தனியாக எழுதிக் கேட்டார்கள். அன்று நான் செய்யாமல் ஏய்த்த இருபது முயற்சிகளை அந்தச் செயலிகள் ஒரு நிமிடத்தில் தந்துவிடும் என்பது உண்மைதான். அவற்றுள் எது தயக்கம், எது நாற்காலி என்று பார்த்துச் சொல்லும் வேலை அப்படியே மிஞ்சி நிற்கிறது. அமர்வுகளில் நாம் பழகியது அதைத்தான் என்று நினைக்கிறேன். படம் விற்றுப் பிழைக்கலாம் என்று மட்டும் எண்ணி வருபவர்களுக்கு என்னால் உறுதியாக எதுவும் சொல்ல இயலவில்லை.

போர்ட்ஃபோலியோவில் (நேர்முகத்துக்குக் கொண்டுபோகும் வேலைகளின் தொகுப்பில்) எத்தனை வேலைகள் வைக்கலாம் என்று தனியாகக் கேட்டவர்களுக்கு: பத்துக்கு மேல் வேண்டாம். முடிந்த வேலையோடு, அதற்கு முன்னால் கைவிட்டவற்றையும் இரண்டு மூன்று இடங்களில் காட்டுங்கள். பார்ப்பவர் அங்கேதான் நிறுத்திப் புரட்டுகிறார். நான் முதல் பருவத்தின் அந்தத் தயக்கத் தாளையும் வைத்திருந்தேன், கீழே எந்தக் குறிப்பும் எழுதவில்லை. நேர்முகத்தில் அதைப் புரட்டியவர் சற்று நிறுத்தி, “இந்த நாற்காலி நன்றாக இருக்கிறதே” என்றார்.