சேலில் வாங்கி இன்னும் திறக்காத கேம்கள்: உங்கள் அனுபவம் என்ன?

வைகைக்கரை

கம்ப்யூட்டர் கேம் விற்கும் ஸ்டீம் தளத்தில் சம்மர் சேல் நாளை இரவு பத்தரை மணிக்குத் திறக்கிறது. விஷ்லிஸ்ட்டில் 60 கேம் காத்திருக்கிறது. அதற்குள் இதை எழுதிவிட வேண்டும். ஒரு மாதமாக மனதைவிட்டுப் போகவில்லை.

மே மாதம் அக்கா மகன் லீவுக்கு வந்திருந்தான். 11 வயது. மாமா பெரிய கேமர் என்று வகுப்பில் எல்லோரிடமும் சொல்லி வைத்திருக்கிறான். வந்த அன்று மாலையே அவனை நாற்காலியில் உட்கார வைத்து ஸ்டீம் லைப்ரரியைத் திறந்து கொடுத்தேன். 312 கேம், 2013-லிருந்து ஒவ்வொரு சேலிலும் சேர்ந்தது. மவுஸை உருட்டிக்கொண்டே போனான். "மாமா, இது என்ன கதை?" தெரியவில்லை. "இது?" அதுவும் தெரியவில்லை. மூன்றாவதாக ஒன்றைக் காட்டியபோது, "நல்லா இருக்கும்னு சொன்னாங்க" என்றேன். அவன் திரும்பி என் முகத்தைப் பார்த்தான். "அப்ப நீங்க ஆடலையா?"

சின்னப் பையன், தெரிந்துகொள்ளத்தான் கேட்டான். என்னால் பதில் சொல்ல முடியவில்லை. ஒன்றைத் தேர்ந்தெடுத்து டவுன்லோடு போட்டோம். 70 ஜிபி. எங்கள் வீட்டு இணைப்பில் மறுநாள் காலை ஆகும் என்று காட்டியது. அவன் தன் அம்மாவின் போனை வாங்கிக்கொண்டு வாசலுக்குப் போய்விட்டான்.

அவன் தூங்கிய பிறகு எண்ணிப் பார்த்தேன். ஒரு நிமிடம்கூட ஓடாதவை 204. பணக்கணக்கு போடவில்லை, பணம் எனக்கு உறுத்தவும் இல்லை. அந்த 204-ஐயும் வாங்கிய இரவுகளில், இதை ஆடத்தான் போகிறேன் என்று உண்மையாகவே நம்பினேன். அந்தப் பச்சைக் கட்டத்தில் -75% என்று பார்த்ததும், எனக்கு நாலைந்து ஞாயிற்றுக்கிழமை கூடுதலாகக் கிடைத்துவிட்டது போல இருக்கும்.

உங்களுக்கும் இப்படி ஏதாவது நடந்திருந்தால் எழுதுங்கள்.

உட்லண்ட்ஸ் வாசி

இங்கே சிங்கப்பூரில் அதே சேல் திறக்கும்போது நள்ளிரவு ஒரு மணி. மறுநாள் வேலை இருந்தாலும் விழித்திருப்பேன்.

2020 மே மாதம் ஸ்டீமுக்குப் போட்டிக் கடையான எபிக் ஸ்டோரில் ஜிடிஏ 5 கேமை இலவசமாகக் கொடுத்தது எல்லோருக்கும் நினைவிருக்கும். அன்றே எடுத்து வைத்தேன், இன்ஸ்டால் செய்யவில்லை. இரண்டரை வருடம் கழித்து வின்டர் சேலில் அதையே ஸ்டீமில் காசு கொடுத்து வாங்கினேன். ஏற்கெனவே இருப்பது நினைவிலேயே இல்லை. ஒரு வியாழக்கிழமை, அந்த வார இலவச கேமை எடுக்க எபிக்கைத் திறந்தபோதுதான் கண்ணில் பட்டது. பக்கத்து விண்டோவில் ஸ்டீம் திறந்தே இருந்தது. இரண்டிலும் அதே அட்டைப்படம். இரண்டிலும் ஆடிய நேரம் பூஜ்யம்.

அதற்குப் பிறகு ஒன்றைக் கவனித்தேன். அந்த வாரம் இலவசமாக எடுத்தது எந்த கேம் என்பதும் இப்போது நினைவில்லை. எடுப்பதற்கு மூன்று கிளிக் போதும், அதோடு அந்த கேம் எனக்கு முடிந்துவிடுகிறது.

ரிச்சித்தெரு பழையவன்

எனக்கு இதில் மாறுபட்ட கருத்து உண்டு. கொஞ்சம் அழுத்தமாகவே சொல்கிறேன், வைகைக்கரை தம்பி தவறாக நினைக்க வேண்டாம்.

நாங்கள் கேம் ஆடத் தொடங்கிய காலத்தில் சென்னை ரிச்சி தெருவில் பிளாஸ்டிக் உறையில் போட்ட சிடிதான். அதன்மேல் மார்க்கர் பேனாவால் பெயர் எழுதியிருக்கும். உருவாக்கியவனுக்கு ஒரு பைசா போகாது. அசலை வாங்கலாம் என்றாலும் விலை டாலரில், கிரெடிட் கார்டு வேண்டும். 2015 நவம்பரில் ஸ்டீம் ரூபாயில் விலை போடத் தொடங்கியது. அந்த டிசம்பர் சேலில் சம்பளப் பணத்தில் ஒன்பது கேம் வாங்கினேன். எல்லாம் கல்லூரியில் திருட்டு சிடியில் நான் ஆடி முடித்தவை. மறுபடி ஆடுவதற்காக வாங்கவில்லை. பணம் செலுத்திய ரசீது ஒவ்வொன்றாக மெயிலில் வந்தது. அறையில் தனியாக உட்கார்ந்து அந்த ஒன்பதையும் திறந்து படித்தேன். அந்த இரவு எனக்கு மிக முக்கியமானது.

தள்ளுபடி இல்லாவிட்டால் அது நடந்திருக்காது. எனவே ஆடாத கேம் எல்லாமே வீண் என்று எண்ணாதீர்கள். ஜனவரியில் சென்னைப் புத்தகக் காட்சிக்குப் போய்ப் பத்து சதவீதக் கழிவில் பை நிறைய வாங்கி வருகிறோம். அதில் பாதி பிரிக்காமல் அலமாரியில் இருக்கிறது. அதை யாரும் வியாதி என்று சொல்வதில்லையே.

ஒன்றரை ஜிபி

ரிச்சித்தெரு அண்ணன் சொன்னதை ஏற்க முடியவில்லை. அலமாரியில் இருக்கும் புத்தகத்தை வீட்டில் வேறொருவர் எடுத்துப் படிப்பார். என் அப்பா வாங்கிப் படிக்காமல் விட்டதைத்தான் நான் படித்து வளர்ந்தேன். ஸ்டீமில் நாம் வாங்குவது கேம் அல்ல, ஆடுவதற்கான உரிமம். பணம் கட்டும் பக்கத்தில் 2024 அக்டோபரிலிருந்து அதைத் தெளிவாக எழுதியே போடுகிறார்கள். கணக்கை வேறொருவர் பெயருக்கு மாற்றவும் விதியில் இடமில்லை.

என் அனுபவம் சிறியது. வேலை போன மாதத்தில் எட்டு கேம் வாங்கினேன். ஏன் என்று இன்றுவரை எனக்குப் புரியவில்லை. அதற்குப் பிறகு சில பழக்கங்களை வைத்துக்கொண்டேன். நாளை வாங்கப் போகிறவர்களுக்குப் பயன்படலாம் என்று எழுதுகிறேன்.

முதலில், அவசரம் வேண்டாம். பழைய சேல்களில் சில மணி நேரம் மட்டும் இருக்கும் ஃப்ளாஷ் டீல்கள் உண்டு. அலாரம் வைத்து எழுந்து பார்த்தவர்கள் இங்கே இருப்பீர்கள். 2015 இறுதியோடு அதை எடுத்துவிட்டார்கள். இப்போது சேலின் முதல் நாள் இருக்கும் விலைதான் பெரும்பாலும் கடைசி நாளும். ஆனால் அந்தப் பழைய படபடப்பு நம் உடம்பில் இன்னும் இருக்கிறது. முதல் இரவே கார்ட்டை நிரப்பாமல் கடைசி நாள் வாங்குங்கள். பத்து நாளில் பாதி ஆசை தானாக அடங்கிவிடும்.

அடுத்து, இந்த விலை மறுபடி வரும். ஸ்டீம்டிபி போன்ற தளங்களில் ஒரு கேமின் பழைய விலைகள் எல்லாம் வரைபடமாக இருக்கும். மூன்று வருடமாக ஒவ்வொரு சேலிலும் அதே 80 சதவீதத்துக்கு வந்து போவது கண்ணால் தெரியும். வின்டர் சேலிலும் வரும் என்று தெரிந்தால் இன்று வாங்க வேண்டிய தேவை என்ன?

அப்புறம் ரீஃபண்ட். 2015 ஜூனிலிருந்து இருக்கிறது. வாங்கி 14 நாளுக்குள், இரண்டு மணி நேரத்துக்குக் குறைவாக ஆடியிருந்தால் பணம் திரும்பும். சேலில் வாங்கியதற்கும் பொருந்தும். ஆக, வாங்கிய வாரமே ஒரு மணி நேரம் ஆடிப் பாருங்கள். அதற்குக்கூட மனம் வரவில்லை என்றால் 14 நாள் முடியுமுன் திருப்பிவிடுங்கள்.

கடைசியாக ஒரு எண். ஸ்டீம் ஒவ்வொரு டிசம்பரும் நம் ஆண்டுக் கணக்கைக் காட்டுகிறது அல்லவா, அதில் 2024-க்குப் போட்டிருந்த நடுநிலை அளவு (மீடியன்) ஓர் ஆள் அந்த ஆண்டில் ஆடியது 4 கேம். உலகம் முழுக்க ஸ்டீம் வைத்திருப்பவர்களின் நிலையே அதுதான். ஆண்டுக்கு நாலு ஆடுகிற ஆள் ஒரு சேலில் பதினைந்து வாங்கினால், அடுத்த நாலு வருடத்தை முன்பணம் கட்டி எடுத்ததாக ஆகிறது. இதை ஒரு தாளில் எழுதி மானிட்டர் ஓரத்தில் ஒட்டி வைத்திருக்கிறேன்.

ஸ்கார்பரோவிலிருந்து

ஒன்றரை ஜிபி அண்ணா, நீங்கள் நல்லதுக்குத்தான் சொல்கிறீர்கள் என்று தெரியும். ஆனால் எல்லாரும் விலை தெரியாமல் வாங்குவதில்லை. எனக்கு எல்லா விலையும் தெரியும். தெரிந்துதான் வாங்கினேன்.

மகள் பிறந்து நாலாவது மாதம். டிசம்பர், வெளியே பனி. இரவில் இரண்டு மணிக்கொருமுறை பால் குடிப்பாள். இடது கையில் பிள்ளை, வலது கையில் போன். சத்தம் போடக் கூடாது, விளக்குப் போடக் கூடாது. அந்த நேரத்தில் செய்யக்கூடியதாக ஒன்றுதான் இருந்தது: மலிவு விற்பனைப் பக்கத்தைப் பார்ப்பது. ஒவ்வொரு கேமின் ட்ரெய்லரையும் சத்தமில்லாமல் பார்ப்பேன். மலை ஏறுகிற கேம், கடலுக்கடியில் நீந்துகிற கேம், ஊர் கட்டுகிற கேம். இரண்டு, மூன்று டாலருக்கு வருவதை மட்டும் வாங்குவேன். அந்தக் கிழமையில் 22 வாங்கினேன்.

விடியப்புறம் மூன்று மணியிருக்கும். ஒன்றை வாங்கி முடித்துத் திரையை அணைத்தேன். மகள் கண்ணைத் திறந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். எனக்கு அழுகை வந்துவிட்டது. அவளால் இல்லை. பிள்ளை பிறக்குமுன் சனிக்கிழமைகளில் தேத்தண்ணியும் கொண்டு ஸ்டார்டியூ வேலி என்ற தோட்டம் செய்கிற கேம் முன்னால் இருந்தால் பின்னேரம் வரை எழும்ப மாட்டேன். அந்தப் பெண் எங்கேயும் போகவில்லை, திரும்பி வருவாள் என்று எனக்கு நானே சொல்லத்தான் அந்த 22-ஐயும் வாங்கியிருக்கிறேன்.

மகளுக்கு இப்போது மூன்று வயது. 22-இல் இரண்டைத் திறந்திருக்கிறேன். மிச்சத்தைத் திருப்பிக் கொடுத்திருக்கலாம், பதினாலு நாள் விதியும் எனக்குத் தெரியும். திருப்ப மனம் வரவில்லை.

ரிச்சித்தெரு பழையவன்

தங்கை எழுதியதைப் படித்தபின் புத்தகக் காட்சி உதாரணம் சரியில்லை என்று படுகிறது. எங்கள் அம்மா ஆடித் தள்ளுபடியில் எடுத்த சேலைகள்தான் நினைவுக்கு வருகின்றன. தி. நகரில் கூட்டத்தில் இடிபட்டு வாங்கி வருவார். பீரோவில் அட்டையோடு, ஜாக்கெட் தைக்காமல் அப்படியே இருக்கும். "எங்கயாவது போகும்போது கட்டிக்கலாம்" என்பார். அவர் போகிற இடம் ரேஷன் கடையும் கோயிலும்தான்.

ஒன்றரை ஜிபி சொன்ன உரிமம் விஷயம் உண்மைதான், மறுக்கவில்லை. ஆனால் தாளில் எழுதி ஒட்டுவதால் இது தீராது.

ஒன்றரை ஜிபி

தீரும் என்று நான் சொல்லவில்லை அண்ணா, குறையும் என்றேன். எனக்குக் குறைந்தது. ஸ்கார்பரோ சகோதரியிடம் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன், உங்களை நினைத்து எழுதியது இல்லை.

நாலாவது காப்பி

எல்லோரும் தனக்காக வாங்கியதைச் சொல்கிறீர்கள். என்னுடையது வேறு.

லெஃப்ட் 4 டெட் 2. அதை நாலு பேர் சேர்ந்து ஆட வேண்டும். அப்போது ஸ்டீமில் ஃபோர் பேக் என்று நாலு காப்பியை ஒன்றாக விற்பார்கள், தனித்தனியாக வாங்குவதைவிட மலிவு. சேலில் அதன்மேலும் தள்ளுபடி. திருச்சியில் ஹாஸ்டல், 2012 டிசம்பர். அறையில் நாலு பேர். மூன்று பேர் காசு போட்டோம். நாலாவது ஆளிடம் லேப்டாப் இல்லை. "வேலை கிடைச்சதும் வாங்குறேன்டா. அப்ப எனக்கு அனுப்பு. எல்லிஸ் நான்தான், யாரும் எடுக்கக் கூடாது" என்றான். அந்த கேமில் வரும் நாலு பேரில் எல்லிஸ் ஒருவன். தொப்பி போட்டுக்கொண்டு, தன் நண்பன் கீத்தைப் பற்றி ஏதாவது கதை சொல்லிக்கொண்டே இருப்பான்.

மூன்று பேர் ஆடினால் நாலாவது ஆளைக் கம்ப்யூட்டரே ஓட்டும். நாங்கள் ஆடிய ஒவ்வொரு இரவும் எல்லிஸைக் கம்ப்யூட்டர்தான் ஓட்டியது. அவன் எங்கள் பின்னால் கட்டிலில் உட்கார்ந்து, "டேய், இடது பக்கம் வருதுடா" என்று சொல்லிக்கொண்டிருப்பான்.

வேலை கிடைத்தது, ஒவ்வொருவரும் ஒவ்வோர் ஊர். அவன் லேப்டாப் வாங்கிய போட்டோவை அனுப்பினான். வாழ்த்து அனுப்பினேன். கேமை அனுப்பவில்லை. ஏதோ ஒரு வேலை, அப்புறம் அனுப்பலாம் என்று விட்டேன். பரிசு கேமை வாங்கி இன்வென்டரியில் வைத்துக்கொள்ளும் வழியை 2017-ல் நிறுத்தினார்கள். அதற்கு முன் வாங்கியவை அப்படியே இருக்கின்றன. என்னிடமும் இருக்கிறது. அதற்குப் பிறகு எத்தனையோ சேலில் எத்தனையோ வாங்கிவிட்டேன், பெரும்பாலும் தனியாக ஆடுவது. இன்வென்டரியைத் திறந்தால் முதலில் தெரிவது லெஃப்ட் 4 டெட் 2-இன் அந்தப் பச்சைக் கை படம்தான்.

வைகைக்கரை எழுதியதைப் படித்துவிட்டு இன்று மதியம் அவனுக்குப் போன் செய்தேன். ஆறு வருடம் ஆகிறது பேசி. ரிங் போனது, எடுக்கவில்லை. வேறு எண் மாற்றியிருக்கலாம். அவனுடைய ஸ்டீம் ஐடி யாரிடமாவது இருக்குமா என்று மற்ற இருவரையும் கேட்டிருக்கிறேன்.

வைகைக்கரை

நாலாவது காப்பி, அவர் கிடைத்தால் இங்கே வந்து ஒரு வரி போடுங்கள்.

நேற்று இரவு அக்கா வீட்டுக்குப் போன் செய்து பையனிடம் பேசினேன். அன்றைக்கு லைப்ரரியில் உருட்டும்போது எந்தப் படத்தைப் பார்த்து நின்றாய் என்று கேட்டேன். யோசிக்கவே இல்லை. "கொம்பு வச்ச வெள்ளை முகம் மாமா. குட்டிப் பூச்சி மாதிரி." ஹாலோ நைட். பாதி விலைக்கு வாங்கியது, வாங்கிய வருடம்கூட ஞாபகம் இல்லை. அன்று டவுன்லோடு போட்டதைவிட எத்தனையோ மடங்கு சிறியது, சீக்கிரமே இறங்கிவிட்டது.

வீடியோ கால் போட்டுப் போனை மானிட்டர் முன்னால் சாய்த்து வைத்துவிட்டு ஆடினேன். முதல் பெரிய எதிரியிடம் ஐந்து முறை செத்தேன். அவன் அந்தப் பக்கம் இருந்து, "குதிங்க மாமா, குதிங்க" என்று கத்தினான். அக்கா தூங்கச் சொல்லி அதட்டும் சத்தம் கேட்டது. அப்போதுதான் ஒரு பெஞ்சு வந்தது. பூச்சி ஏறி உட்கார்ந்து காலைத் தொங்கப் போட்டது.

"உக்காந்தா என்ன ஆகும் மாமா?"

"சேவ் ஆகும்டா. நாளைக்கு இங்கேயிருந்து ஆடலாம்."

"நாளைக்கு எத்தனை மணிக்கு?"

பத்தரைக்குள் முடித்துவிடலாம் என்று ஒன்பது மணி சொல்லியிருக்கிறேன்.