பாட்டி வீட்டு வாட்ஸ்அப் குழு, டர்பன், தென்னாப்பிரிக்கா: பித்தளைத் தூக்கு யாரிடம்?

சாட்ஸ்வர்த் மாமா: ஞாயிறு காலை ஆறு மணிக்கு எல்லோரும் கடற்கரைக்கு வந்துவிடுங்கள். அம்மாவின் அண்ணனுக்கு விளக்கு வைக்க வேண்டும். போன வருஷம் மாதிரி ஏழரைக்கு வந்து "போக்குவரத்து" என்று கதை விடாதீர்கள்.

தம்பி: சவுத் பீச்சா மாமா? ஞாயிற்றுக்கிழமை கார் நிறுத்த இடமே இருக்காது. ப்ளூ லகூன் போகலாமே.

சாட்ஸ்வர்த் மாமா: சவுத் பீச்தான். திலாவா கப்பல் மூழ்கி, அவர் உடல் அங்கேதான் ஒதுங்கியது என்று அம்மா சொல்வாள்.

நான்: மாமா, அது பொருந்தவில்லை. திலாவா 1942 நவம்பர் 20 அன்று பம்பாயில் கிளம்பியது. மொம்பாசா, மாபுடோ தொட்டு டர்பனுக்கு வர வேண்டிய கப்பல். 23ஆம் தேதி விடிவதற்குள் செஷல்ஸ் தீவுகளுக்கு வடகிழக்கே ஜப்பானிய நீர்மூழ்கி ஐ-29 டார்பிடோவால் அடித்தது. இருந்த 958 பேரில் 280 பேர் திரும்பவில்லை. அவ்வளவு தூரத்திலிருந்து உடல் இங்கே எப்படி வரும்?

தம்பி: அப்போ பாட்டி பார்த்தது யாரை?

நான்: நோவா ஸ்கோஷியா என்ற கப்பலில் இறந்தவர்களை. ஐந்தே நாள் கழித்து, நவம்பர் 28, நேட்டால் கரைக்கு அப்பால் யு-177 என்ற ஜெர்மன் நீர்மூழ்கி மூழ்கடித்த கப்பல். பெரும்பாலும் இத்தாலியக் கைதிகள். 858 பேர் இறந்தார்கள். டர்பன் கரையில் ஒதுங்கியவை அந்த உடல்கள்தான்.

சாட்ஸ்வர்த் மாமா: இத்தனை வருஷமா இத்தாலிக்காரனுக்கா விளக்கு வைத்தோம்!

மேரிபேங்க் பெரியம்மா: சிரிக்காதே. நீ அப்போது பிறக்கவே இல்லை, நான் கைக்குழந்தை. அம்மா தினமும் என்னை இடுப்பில் வைத்துக்கொண்டு போனாளாம். போலீஸ்காரன் விரட்டினாலும் மறுநாள் போவாள். முகத்தைப் பார்க்க மாட்டாளாம், தண்ணீரில் ஊறிய முகத்தில் என்ன தெரியும். இடது கையைத்தான் பார்ப்பாள். மாமா கப்பல் சமையற்கட்டில் வேலை, எண்ணெய் கொட்டிய தழும்பு முழங்கை வரைக்கும் இருக்கும். அந்தக் கை வரவே இல்லை. யாரோ பெற்ற பிள்ளைகள்தான் வந்தார்கள்.

மேரிபேங்க் பெரியம்மா: ஒதுங்கியது என்று பிற்பாடு அவளே சொல்ல ஆரம்பித்தாள். நான் திருத்தவில்லை.

அக்கா: 😢

அக்கா: அந்தக் கப்பலில் இருந்த வெள்ளியைக் கடலுக்கடியிலிருந்து எடுத்தார்களே, அதுவும் திலாவாதானே?

நான்: ஆமாம் அக்கா. 2364 கட்டி, நம் ஊர் நாணயச் சாலைக்கு வந்துகொண்டிருந்த சரக்கு. 2017இல் எடுத்தார்கள். எடுத்தவர்கள் பங்கு கேட்க, லண்டன் உச்ச நீதிமன்றம் 2024இல் தென்னாப்பிரிக்கா பக்கம் தீர்ப்புச் சொன்னது.

அக்கா: வெள்ளிக்குக் கணக்கு இருக்கிறது. சமையற்காரருக்கு?

நான்: மும்பையில் ஒரு நினைவு ஏடு இருக்கிறது. இரண்டாம் உலகப் போரில் கடலில் உயிர்விட்ட சுமார் 6,500 இந்தியக் கடலோடிகளின் பெயர்கள். சிட்டகாங்கிலும் அதே ஏடு. பாட்டி சொன்ன பெயரில் தேடினேன், கிடைக்கவில்லை. பம்பாயில் பதிந்த குமாஸ்தா நம் பெயரை எப்படி எழுதினானோ. விதவிதமாக எழுத்தை மாற்றிப் போட்டுப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

சாட்ஸ்வர்த் மாமா: சரி, இடத்தை விடு. ஞாயிறு உறுதியா?

மேரிபேங்க் பெரியம்மா: உறுதி இல்லை. கார்த்திகை விளக்கு ஏற்றின மறுநாள். அம்மா அப்படித்தான் செய்வாள்.

சாட்ஸ்வர்த் மாமா: இந்த வருஷம் அது வேலை நாளில் வருகிறதே அக்கா.

நான்: பெரியம்மா சொல்வது சரி மாமா. 1942இல் அந்தப் பௌர்ணமி நவம்பர் 22. விடிந்தால் 23. நிலா வெளிச்சத்தில்தான் அடித்திருக்கிறார்கள்.

சாட்ஸ்வர்த் மாமா: ம். லீவு சொல்லிவிடுகிறேன்.

தம்பி: இடம்?

மேரிபேங்க் பெரியம்மா: சவுத் பீச். இத்தாலிக்காரப் பிள்ளைகளுக்கும் ஒரு விளக்கு கூடவே வைத்தால் எண்ணெய் தீர்ந்துவிடாது. ஆமாம், அந்தப் பித்தளைத் தூக்கு யாரிடம் இருக்கிறது?

அக்கா: எந்தத் தூக்கு?

மேரிபேங்க் பெரியம்மா: மூடி நசுங்கியது. மாமா ஒவ்வொரு நடையும் காலித் தூக்கைக் கொண்டுவந்து கொடுப்பார், அம்மா மாங்காய் ஊறுகாய் நிரப்பிக் கப்பலுக்கு அனுப்புவாள். கடைசி முறை மாங்காய்க் காலம் இல்லை. அடுத்த நடை நிரப்பிக் கொடு என்று இங்கேயே விட்டுப் போனார்.

அக்கா: ஐயோ பெரியம்மா. அதில் நான் துவரம்பருப்பு போட்டு வைத்திருக்கிறேன்.

சாட்ஸ்வர்த் மாமா: 🙄

அக்கா: இப்போதே கொட்டிவிட்டுப் புளி போட்டுத் தேய்க்கிறேன். பெரியம்மா, உங்கள் வீட்டு மரத்தில் காய் பிடித்திருக்கிறதா?

மேரிபேங்க் பெரியம்மா: கை எட்டுகிற கிளையிலேயே தொங்குகிறது. சனிக்கிழமை கத்தியோடு வா. உப்பு நான் வாங்கி வைக்கிறேன்.