மிக்ஸர்ல இருந்து இன்டர்ஃபேஸுக்கு (சத்தத்த கம்ப்யூட்டருக்குள்ள அனுப்புற பெட்டி) லைன் எடுக்கப் போய் நீங்க பாத்த கூத்தெல்லாம் சொல்லுங்க

நானே ஆரம்பிக்கிறேன். சர்ச்ல லைவ் பாக்குற தம்பி ஒருத்தன் கூப்டான், "அண்ணே கெயின் சுத்தமா கீழ இருக்கு, அப்பவும் கிழியுது, இன்டர்ஃபேஸ் போச்சா"ன்னு. கெயின்னா உள்ள வர்ற சிக்னல பெருக்குற நாப். போய் பாத்தா மிக்ஸர் மெயின் அவுட்ல இருந்து எக்ஸ்எல்ஆர் (மூணு முள்ளு) கேபிள் நேரா அவங்க இன்டர்ஃபேஸ் ஸ்கார்லெட் 2ஐ2க்குள்ள போகுது. கேபிள் நல்ல கேபிள்தான், ஆனா அந்த காம்போ சாக்கெட்ல எக்ஸ்எல்ஆர் சொருகினா மைக்கோட சின்ன சிக்னல பெருசாக்குற ப்ரீஆம்ப்புக்குத்தான் போகும், நடு ஓட்டைல கால் இஞ்ச் ஜாக் சொருகினாத்தான் லைன். அது மூணாம் ஜெனரேஷன், மைக் பக்கம் கெயின் மினிமத்துல +9 டிபியு (சிக்னல் லெவலோட அளவு) வரைக்கும்தான் தாங்கும், லைன் பக்கம் +22. அவங்க மிக்ஸர் மீட்டர் 0ல நின்னாலே +4 வெளிய வருது, கோரஸ்ல ட்ரம்ஸ் சேந்தா பீக் இன்னும் 15 டிபி மேல போகும், அப்புறம் எங்கருந்து தாங்குறது. இவன் பாவம் சாஃப்ட்வேர்ல ஸ்லைடரை இறக்கி இறக்கி பாத்துருக்கான், உள்ள நுழையும்போதே கிழிஞ்சத இறக்கினா கம்மி சத்தத்துல கிழிஞ்சு கேக்கும், அவ்ளோதான். மைக்குக்கு கரண்ட் அனுப்புற 48 வோல்ட் பட்டன் வேற ஆன்ல இருந்துச்சு, அதை மொதல்ல ஆஃப் பண்ணேன். எக்ஸ்எல்ஆர் டு டிஆர்எஸ் (அந்த கால் இஞ்ச் ஜாக்) கேபிள் ரெண்டு போட்டு, போன்ல இருந்து 1 கிலோஹெர்ட்ஸ் டோன் விட்டு மிக்ஸர் மீட்டரை 0ல நிறுத்தினா கம்ப்யூட்டர் மீட்டர்ல (அங்க 0தான் உச்சம்) -18 கிட்ட நிக்குது. 22ல 4 போனா 18, கணக்கு சரியா வந்துச்சு. கெயினைத் தொடக்கூடாதுன்னு மேல டேப் ஒட்டிட்டு வந்துட்டேன்.

---

அண்ணா நான் பாத்தது கச்சேரி ரெக்கார்டிங். மெயின் அவுட் ஸ்பீக்கருக்குப் போகுது, தொடாதீங்கன்னுட்டார் சவுண்ட்காரர், ஹெட்போன் அவுட்ல ஸ்டீரியோ கேபிள் போட்டு லைன் இன் ஒண்ணுல குடுத்தாங்க. கேட்டா மிருதங்கம் இருக்கு, வயலின் இருக்கு, பாடுறவங்களக் காணோம்! ரிவெர்ப் மட்டும் தூரத்துல கிணத்துக்குள்ள இருந்து வர்ற மாதிரி வருது. எல்லாரும் மைக்க மாத்துறாங்க, சேனல மாத்துறாங்க. விஷயம் என்னன்னா பேலன்ஸ்டு இன்புட் ஜாக்கோட டிப்ல வர்றதுல இருந்து ரிங்ல வர்றத கழிக்கும், குரல் நடு பேன்ல (இடது வலதுக்கு சமமா பிரிச்சு) ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி இருக்கறதால கழிஞ்சு காலி, ஓரமா பேன் பண்ண பக்கவாத்தியம் மட்டும் மிச்சம். ஒரு ஸ்டீரியோ ஜாக்கை ரெண்டு மோனோவா பிரிக்கிற ஒய் கேபிள் போட்டதும் அம்மா குரல் வந்துருச்சு. ஆனாலும் ஹெட்போன் நாபை யாராச்சும் திருப்பினா லெவல் ஓடிரும், மிக்ஸர்ல ரெக்கார்டிங்குக்குன்னு ரெக் அவுட் இருந்தா அதையே கேளுங்க. அந்த ஆர்சிஏ சாக்கெட்ல வர்றது -10 டிபிவி, அதாவது 0.316 வோல்ட், +4 டிபியுன்னா 1.228 வோல்ட், 12 டிபி கிட்ட கம்மியா வரும், கெயின் ஏத்திக்கிட்டா போச்சு.

---

மேல அண்ணன் சொன்ன -18 எல்லா மிக்ஸர்லயும் வராது ப்ரோ, சிலதுல மீட்டர் 0ன்னா வெளிய 0 டிபியுதான், மேக்கி சின்ன மிக்ஸரெல்லாம் அப்படி, அதே 2ஐ2ல -22 காட்டும், பயந்து கெயின் ஏத்தாதீங்க. அப்புறம் லைவ்னா மெயின் அவுட் எதுக்கு, ப்ரீ ஃபேடர் ஆக்ஸ் (ஃபேடர ஏத்தி இறக்கினாலும் மாறாத தனி அவுட்) ரெண்டு எடுத்துருங்க. ஹாலுக்காக சவுண்ட்காரர் ஃபேடர இறக்கினா லைவ்லயும் பாட்டு அமுங்கிப் போறத நான் கல்யாண ரிசப்ஷன்லயே பாத்துட்டேன். அங்க ஹம் (உம்முன்னு இரைச்சல்) வேற, லேப்டாப் சார்ஜர புடுங்கினா நிக்குது, போட்டா வருது. பேட்டரில எவ்ளோ நேரம் ஓட்டுறது, நடுவுல ரெண்டு பக்கத்தோட நேரடி ஒயர் தொடர்ப துண்டிக்கிற ஐசோலேஷன் ட்ரான்ஸ்ஃபார்மர் பாக்ஸ் போட்டப்புறம்தான் சார்ஜரையே திரும்ப மாட்டினோம்.